கரிக்கிடங்குப் பேட்டையின் புறாக்கணக்கு

வடசென்னையில் ரயில் தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த கரிக்கிடங்குப் பேட்டையில், மில்லை மூடிய வருஷத்து ஐப்பசி மாதம், வானத்துக்கு விட்ட புறாக்கள் விட்ட கணக்குக்குத் திரும்பி வருவதை நிறுத்திக்கொண்டன. மழை விட்டிருந்த ஒரு காலை, மில்லில் ஃபிட்டராக இருந்து வேலை போன மோசஸ் தன் மொட்டைமாடியிலிருந்து பதின்மூன்று புறாக்களை விட்டார். பேட்டையின் மேல் ஒரு சுற்று, தண்டவாளத்தின் மேல் ஒரு சுற்று, மாதா கோயில் சிலுவையை உரசினாற்போல ஒரு சுற்று என்று வழக்கம்போலப் பறந்துவிட்டு அவை இறங்கியபோது பதினாறு இருந்தன. மோசஸ் இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். பிறகு கைப்பிடிச்சுவரில் குனிந்து, "பியூலா, இன்னும் கொஞ்சம் கம்பு எடுத்துக்கினு வாம்மா, விருந்தாளிங்க வந்துக்கீறாங்க" என்று மகளுக்குக் குரல் கொடுத்தார். அந்த அதிசயத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

பியூலா அப்போது கல்லூரியில் கணிதம் மூன்றாம் வருஷம். கம்பை அள்ளிக்கொண்டு மேலே போனவள் பதினாறையும் பார்த்தாள், அப்பாவின் முகத்தையும் பார்த்தாள். வேலை போனதிலிருந்து அந்த முகத்தில் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அதனால் அவளும் பதினாறுக்கும் சேர்த்துக் கம்பை இறைத்தாள்.

அந்தப் பேட்டையில் புறா விடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காலத்திலோ இரண்டு பங்காளிகள் பறந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பங்கு பிரிக்கப்போய் வெட்டுக்குத்தாகி, அன்றிலிருந்து யாரும் பங்கு போட முடியாத எண்ணிக்கையில்தான் புறா விட வேண்டும் என்று ஆகிவிட்டது: ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, இப்படி. பன்னிரண்டு விட்டால் எனக்குப் பாதி உனக்குப் பாதி என்று கேட்டு வருவார்கள். பதின்மூன்றை யாரால் பிரிக்க முடியும்? பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று வாத்தியார் எழுதிப்போட்டபோது பேட்டைப் பிள்ளைகள் எல்லாரும் "சார், இது புறா நம்பர் சார்" என்று கத்தினார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்தக் கூட்டம் பறந்தாலும் அதில் ஒரு புறா கண்ணுக்கு எட்டாத உயரத்தில் பறக்கிறது, அது இறங்குவதே இல்லை, ஆனால் போகும்போதும் வரும்போதும் அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்பார்கள். உச்சிப்புறா என்று அதற்குப் பெயர். பதின்மூன்று விட்டால் பதினான்கு என்றுதான் சொல்லுவார்கள். இறங்காத அந்த ஒன்றுக்கும் சேர்த்து ஒரு பிடி கம்பு சுவர்மேல் வைப்பார்கள், அதைக் காக்கா தின்றுவிட்டுப் போகும், யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே, புறாக்கள் கூடியும் குறைந்தும் வரத் தொடங்கியபோது அதையும் இந்த வழக்கங்களுக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கி உட்கார வைத்துவிட்டார்கள். சோதித்துப் பார்க்கப் பங்கு போட முடிகிற எண்ணிக்கையில் விட்டால் விட்டது வந்தது. புறா நம்பரில் விட்டால்தான் இந்தக் கூத்து. கூட வந்த புறா சில நாள் தங்கி, தின்று, வந்த மாதிரியே ஒருநாள் போய்விடும்; குறைந்த புறாவும் என்றைக்காவது கூட்டுக்குள் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும். கூடின வீட்டுக்காரர்கள் குறைந்த வீட்டுக்கு ஒரு தூக்கில் குழம்பு கொடுத்தனுப்பினார்கள். குறைந்த வீட்டில், "புறா ஊருக்குப் போயிருக்குது" என்றார்கள். மாதா கோயில் பங்குத்தந்தை எல்லாப் புறாக்களுக்கும் பொதுவாகத் தீர்த்தம் தெளித்தார், தர்காவில் ஓதிய கயிறு கட்டினார்கள், அங்காளம்மன் கோயில் பூசாரி ஒரு புறாவின் காதில் ஏதோ கேட்டு, அது சொன்னதை வெளியே சொல்ல மறுத்துவிட்டார். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர், கூடுதலாக வந்த ஒரு புறாவைப் புரட்டிப் பார்த்து, "இது புறாதான்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். காணாமல் போனதற்குப் புகார் எழுதலாம், கூட வந்ததை எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், அன்றைக்குப் பார்த்துப் பெருமழை பிடித்துக்கொண்டது, புறா யாரும் விடவில்லை, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்படியே போயிருந்தால் அது பேட்டையின் ஆயிரம் கதைகளில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் கணக்கு படிக்கிற பெண் சும்மா இருப்பாளா? பியூலா இரண்டு விஷயங்களைக் கவனித்தாள். ஒரு வீட்டில் பதின்மூன்றுக்கு மூன்று கூடினால் அந்த வீட்டில் பதின்மூன்றுக்கு எப்போதும் மூன்றுதான் கூடியது. ஆனால் அதே வீட்டில் பதினேழுக்கு என்ன ஆகும் என்று அதை வைத்துச் சொல்லவே முடியவில்லை, கூடலாம், குறையலாம், அப்படியே வரலாம். இரண்டாவது, எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் அதற்கு ஒரு வேலி இருந்தது. பதின்மூன்று விட்டால் ஏழுக்கு மேல் பிசகாது. இருபத்து மூன்று விட்டால் ஒன்பதுக்கு மேல் பிசகாது. எந்த வீட்டுப் புறாவும் அந்த வேலியைத் தாண்டியதில்லை. அதைச் சொன்னபோது மோசஸ், "வளர்த்த வீட்டுக்கு ரொம்ப தூரம் போவாதும்மா, அதுக்கும் மனசு இருக்குல்ல" என்றார்.

பேட்டையில் இரண்டு சந்துகள் இருந்தன. தண்டவாளத்தை ஒட்டியது மேட்டுச் சந்து, கால்வாயை ஒட்டியது பள்ளச் சந்து. மோசஸின் வீடு பள்ளச் சந்தில். மேட்டுச் சந்தில் பச்சையம்மா என்ற ஒரு விதவைத் தாய், ஹார்பரில் வந்து இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிச் சரிபார்க்கும் டாலி கிளார்க்காக இருந்த தன் மகன் தணிகாசலத்தோடு குடியிருந்தாள். அவன் மாதா கோயில் திருவிழாவில் பியூலாவைப் பார்த்து, பிறகு ரயில்வே ஸ்டேஷனில் தினம் பார்த்து, பிறகு அவனே வீட்டில் சொல்லி, இரண்டு வீட்டாரும் கோயில் வேறு சாமி வேறு என்பதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு பேசித் தீர்த்து, தட்டு மாற்றிக்கொண்டார்கள். படிப்பு முடிந்ததும் கல்யாணம். அன்றிலிருந்து பச்சையம்மா மோசஸைத் தெருவில் பார்த்தால், "இன்னா சம்மந்தி, புறால்லாம் நல்லா கீதா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

தை பிறந்து சில நாளில் பச்சையம்மா பதினேழு விட்டாள், பதினொன்றுதான் இறங்கியது. இறங்காத ஆறில் ஒன்று, வால் மட்டும் வெள்ளையாக இருந்த ஒரு பெட்டை. புருஷன் சாகிறதுக்கு முந்தின வாரம் அவளுக்கு வாங்கிக் கொடுத்த ஜோடியில் வந்த குஞ்சு அது. ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள், வரவில்லை. ஊருக்குப் போயிருக்குது என்று மற்றவர்கள் சொன்னதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் அவளுடைய தம்பி பள்ளச் சந்து வழியாகப் போனவன் நிமிர்ந்து பார்த்தான்; மோசஸின் கூட்டுப் பலகையில் அந்த வெள்ளை வால் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நடந்ததைப் பியூலா அப்புறம் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொள்ள விரும்பவில்லை, ஆனால் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். பச்சையம்மாவின் தம்பி நாலு பேரோடு வந்து, "மில்லு மூடினா புறா திருடுவியா?" என்று கேட்டான். மோசஸ், "அது வந்து நாலு நாள் ஆவுது தம்பி, விருந்தாளின்னு நெனச்சி தீனி வெச்சிக்கினு இருந்தேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. முப்பது வருஷம் மில்லில் வேலை பார்த்து ஒரு போல்ட்டைக்கூட வெளியே கொண்டுவராத மனிதர் நடுத்தெருவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. தணிகாசலம் அன்று ஹார்பரில் டபுள் டூட்டி. வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மோசஸ் கூட்டைத் திறந்துவிட்டு, மாடிக்குப் போகிற கதவைப் பூட்டிச் சாவியைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பேட்டையில் கூடுதலாக வந்த புறா எல்லாம் திருட்டுப் புறா, குறைந்த புறா எல்லாம் களவு போன புறா என்று ஆகிவிட்டது. மேட்டுச் சந்துக்காரர்கள் பள்ளச் சந்தைத் திருடர்கள் என்றார்கள், பள்ளச் சந்துக்காரர்கள் மேட்டுச் சந்தைச் சொன்னார்கள். தூக்கில் குழம்பு போவது நின்றது. ஒரு வீட்டுக் கூண்டில் பூனையை விட்டார்கள். இன்னொரு வீட்டுக் கூண்டு எரிந்தது. ஆம்பளைகள் எல்லாரும் எண்ணிக்கையை மறைக்கத் தொடங்கினார்கள். கூடினவன் சரியாக வந்தது என்றான், குறைந்தவன் இன்னும் நாலைச் சேர்த்துச் சொன்னான்.

பியூலா தன் வீட்டுக் கணக்கையும் பக்கத்து வீட்டுக் கணக்கையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு வீட்டைத் தனியாகப் பார்த்தால் தரையில் சிதறின கம்பு மாதிரி இருந்தது, தலையும் இல்லை வாலும் இல்லை. எல்லா வீட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் ஏதாவது தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஒரு வீட்டுக்காரன் இன்னொரு வீட்டுக்காரனிடம் உண்மையைச் சொல்லாத ஊரில் அதை எப்படிச் செய்வது?

தண்ணீர் லாரிக்குச் சந்து பார்க்கத் தெரியாது. அது வந்து நிற்கிற இடத்தில் இரண்டு சந்துப் பெண்களும் குடத்தோடு நின்றுதான் ஆக வேண்டும். ஒரு காலை வரிசையில் பியூலாவுக்கு முன்னால் பச்சையம்மா நின்றிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தை" என்றாள் பியூலா.

"யாருக்குடி அத்தை?"

"சரி, அத்தைன்னு கூப்புடல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. பள்ளச் சந்துக்காரங்க திருடறாங்கன்னா எங்க சந்துல மொத்தமா புறா கூடியிருக்கணும், உங்க சந்துல மொத்தமா குறைஞ்சிருக்கணும். இல்லியா?"

"கூடித்தான் கீது."

"யாரு எண்ணினாங்க?"

பச்சையம்மா குடத்தை ஓரடி முன்னால் நகர்த்தினாள். பின்னாலிருந்த ஒருத்தி, "எங்க வூட்டாரு ஆறு குறையுதுன்னு சொல்லினு திரியறாரு, ரெண்டு கூடித்தான் வந்துக்கீது" என்றாள். பள்ளச் சந்துக்காரி ஒருத்தி, "எங்களுக்கு அஞ்சு குறைஞ்சுது, வெளியில சொன்னா கேவலம்னு வாயை மூடச் சொல்லிட்டாரு" என்றாள். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வரிசையின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில எல்லா வீட்டுலயும் ஒரே நம்பர் விடுவோம்" என்றாள் பியூலா. "கூடினா செகப்புத் துணி கட்டுங்க, குறைஞ்சா வெள்ளைத் துணி. எவ்ளோ கூடுதோ, குறையுதோ, அவ்ளோ முடிச்சு. யாருகிட்டயும் யாரும் பேச வேணாம். நான் தண்ணி டேங்க் மேல நின்னு பார்க்கறேன்."

"நீ பாத்து சொன்னா நாங்க நம்பணுமா?" என்றாள் பச்சையம்மா. "எங்க ஆளும் ஒருத்தன் நிக்கட்டும்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் டேங்க் ஏணியில் பியூலாவுக்குப் பின்னால் தணிகாசலம் ஏறி வந்தான். தட்டு திரும்பினதிலிருந்து அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "கப்பல்ல எறங்கறத எண்ணறவன் நான், எனக்குப் பொய் எண்ணத் தெரியாது" என்றான். "தெரியும்" என்றாள் அவள்.

நூறு மாடிகளிலிருந்து நூறு கூட்டங்கள் எழும்பின. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வளைவு இருந்தது. சில வில்லைப் போல வளைந்து போயின, சில முன்னால் முட்டை மாதிரி ஒரு வட்டமும் பின்னால் ஒரு வில்லுமாகப் பிரிந்து பறந்தன. இறங்கியதும் துணிகள் ஏறின. தணிகாசலம் மேட்டுச் சந்தை எண்ணினான், பியூலா பள்ளச் சந்தை எண்ணினாள். மேட்டுச் சந்தில் கூடியதும் குறைந்ததும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரிக்கட்டிப் போயின. பள்ளச் சந்திலும் அப்படித்தான். யாரும் யாரிடமும் திருடவில்லை. அவன் அதை ஒரு தரம் சொன்னான். பிறகு ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உன் நைனாவை அடிச்சிட்டாங்களே பியூலா" என்றான் கடைசியில்.

ஆனால் திருடவில்லை என்று சொன்னால் மட்டும் போதவில்லை. "அப்போ என்னா நடக்குது, சொல்லு" என்று கேட்டார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் அடுத்தடுத்த புறா நம்பரை விட்டார்கள். சந்து வாரியாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஒருநாள், எண்ணி எண்ணிக் களைத்துப்போய்த் துணிகளை விட்டுவிட்டுப் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது பியூலாவுக்கு ஒன்று கண்ணில் பட்டது. சில வீட்டுக் கூட்டங்கள் வலப்பக்கமாகச் சுழன்றன, சில இடப்பக்கமாகச் சுழன்றன. எந்த வீடும் தன் சுழியை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு சந்திலும் இரண்டு சுழியும் கலந்து கிடந்தன.

"மாமா, சந்தை வுடுங்க" என்றாள் தணிகாசலத்திடம். "வலஞ்சுழி வீட்டை நீங்க எண்ணுங்க, இடஞ்சுழி வீட்டை நான் எண்ணறேன்."

அப்போதுதான் அது தெரிந்தது. சின்ன நம்பர்களில் வலஞ்சுழி வீடுகள் மொத்தத்தில் குறைந்தன, இடஞ்சுழி வீடுகள் அதே அளவுக்குக் கூடின. நம்பர் ஏற ஏற அந்தக் குறை கரைந்து, சரியாகி, பிறகு வலஞ்சுழி வீடுகள் கூடவும் இடஞ்சுழி வீடுகள் குறையவும் தொடங்கின. இன்னும் ஏறினால் திரும்பவும் மாறியது. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே, ஒன்று கீழே வரும்போது மற்றது மேலே, காசிமேட்டுக் கரையில் நின்று கடலைப் பார்க்கிற மாதிரி. ஒரு வீட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது. ஒரு வீட்டுக்குள் வெறும் கூச்சல். நூறு வீட்டைச் சேர்த்தால் அலை.

பியூலா அதைக் கீழே இறங்கி வந்து சொன்னாள், பாதிப் பேருக்குப் புரியவில்லை. அதனால் சித்திரை முதல் ஞாயிறு, எல்லாரையும் ஒரே நேரத்தில் இருக்கிற புறாவையெல்லாம் விடச் சொன்னாள், அவரவர் கையில் இருக்கிற பெரிய புறா நம்பருக்கு. வெயில் ஏறுகிற நேரம் அது. தண்டவாளத்திலிருந்து கால்வாய் வரைக்கும் இருந்த மாடிகளெல்லாம் ஒரே சமயத்தில் பறந்து போனதைப்போல இருந்தது. முதலில் அவரவர் வளைவில் சுழன்றார்கள் — பேட்டைக்காரர்கள் புறாவை அப்படித்தான் ஆள்போலச் சொல்லுவார்கள் — பிறகு வலஞ்சுழியும் இடஞ்சுழியும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, கறுத்து, வெளுத்து, வானம் முழுக்க ஒரே துணியை உதறினாற்போல ஓர் அலை எழும்பி மேட்டுச் சந்தின் மேல் ஏறி, பள்ளச் சந்தின் மேல் இறங்கி, திரும்ப ஏறியது. ஒரு புறாவின் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. ரயில்காரர் வண்டியைச் சிக்னல் இல்லாமலே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மாதா கோயிலில் ஜெபம் நின்றது. அழுதவர்கள் ஏன் அழுகிறோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மோசஸின் பெண்டாட்டி சாவியை அவர் கையில் வைத்தாள். அவர் மாடிக்கு ஏறி வந்தார். பல வாரங்களாக வெயில் படாத முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார். அவருடைய திறந்த கூண்டில் அலையிலிருந்து பிரிந்து யார் யார் வீட்டுப் புறாக்களோ வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பக்கத்து மாடிச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, மூச்சிரைக்கப் பச்சையம்மா வந்து நின்றாள். தப்பு என்று சொல்லவில்லை, மன்னிப்பு என்றும் சொல்லவில்லை. அந்தப் பேட்டையில் யாருக்கும் அந்தச் சொற்கள் வாயில் வராது. கூண்டை ஒரு பார்வை பார்த்தாள், கீழ்த்தாழ்ப்பாள் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா சம்மந்தி," என்றாள், "தாப்பாளு ஒடைஞ்சி கீது, ஃபிட்டர் வூட்டுல இப்டியா வெச்சிருப்பாங்க?"

மோசஸ் கீழே உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க வெகுநேரம் இருந்தார். பிறகு எழுந்து திருப்புளி தேடப் போனார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் வந்த வருஷங்களைப் பற்றிப் பியூலா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்: எந்த ஞாயிறு எந்த வீட்டில் எத்தனை கூடியது, யார் வீட்டுக் குழம்பு யார் வீட்டுக்குப் போனது, பிரசவ வீட்டில் ஆணா பெண்ணா என்று கேட்கிற மாதிரி இந்த வாரம் வலஞ்சுழிக்கு ஏற்றமா இடஞ்சுழிக்கு ஏற்றமா என்று பேட்டையே காத்திருந்தது, குறைந்த வீட்டில் குறைந்தது என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தது. இல்லாமல் போனது எங்கோ இருக்கிறது, யார் வீட்டிலோ தின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்திருந்தால் மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் என்பாள். பச்சையம்மா அந்தத் தைரியத்தோடேயே ஒரு மார்கழிக் காலையில் செத்துப்போனாள்.

பிறகு கால்வாயை அகலப்படுத்த வேண்டும் என்று பேட்டையைக் காலி செய்தார்கள். ஊருக்கு வெளியே மூன்று திசைகளில் எழும்பியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். மேட்டுச் சந்தின் பாதி ஒரு திசைக்கும் பள்ளச் சந்தின் பாதி இன்னொரு திசைக்கும் போயிற்று. லிஃப்டில் கூண்டை ஏற்றக் கூடாது என்றார்கள். புறா எச்சம் போடுகிறது என்று கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். எட்டாவது மாடியில் மகள் மருமகனோடு இருந்த மோசஸ் மட்டும் பதின்மூன்று புறாக்களை வைத்துக்கொண்டு, எல்லார் காலிலும் விழாத குறையாகக் கேட்டு, மொட்டைமாடியில் ஒரு மூலை வாங்கினார். காலையில் பதின்மூன்று விடுவார், பதின்மூன்று இறங்கும். மறுநாள் விடுவார், பதின்மூன்று இறங்கும். அவர் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "சரியா வந்துடுச்சிம்மா" என்பார், இழவு சொல்கிற குரலில். வருஷக்கணக்கில் அப்படியே சரியாக வந்துகொண்டிருந்தது.

பியூலா அப்போது ஒரு கல்லூரியில் கணிதத் துறைத் தலைவி. ஒரு மதியம் துறைக் கருத்தரங்கில் பர்வீன் என்ற இளம் ஆசிரியை பேசினாள். எலிப்டிக் கர்வ் என்று ஒருவகை வளைகோடு. சிலது ஒரே வளைவாக இருக்கும், சிலது ஒரு முட்டையும் ஒரு வில்லுமாக இருக்கும். எண்களை நேர்க்கோட்டில் வைக்காமல், பதின்மூன்று மணி உள்ள கடிகாரம், பதினேழு மணி உள்ள கடிகாரம் என்று பகா எண் கடிகாரங்களில் சுற்றவிட்டு, ஒவ்வொன்றிலும் அந்தக் கோட்டில் எத்தனை புள்ளி விழுகிறது என்று எண்ணுகிறார்கள், முடிவிலியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியையும் சேர்த்து. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு வளைகோட்டைப் பார்த்தால் ஒழுங்கே இல்லை. சமீபத்தில் சிலர் ஆயிரக்கணக்கான வளைகோடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பர்வீன் ஒரு விசையைத் தட்டினாள். திரையில் இரண்டு அலைகள் ஒன்றையொன்று கடந்து ஏறி இறங்கின.

பியூலா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

"ரெண்டு கூட்டத்தையும் எதை வெச்சும்மா பிரிச்சாங்க?"

"ஒவ்வொரு வளைகோட்டுக்கும் ஒரு குறி இருக்கு மேடம். பிளஸ், இல்லன்னா மைனஸ்."

"வலஞ்சுழி, இடஞ்சுழி" என்றாள் பியூலா.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு. ஏன் இப்டி வருது?"

"கொஞ்சம்தான் மேடம் நிரூபிச்சிருக்காங்க. முழுசா இன்னும் தெரியல." பர்வீன் சிரித்தாள். "பறவைக் கூட்டம் வானத்துல அலையா பறக்கறதுக்கு என்ன பேரோ, அதையேதான் இதுக்கும் வெச்சிருக்காங்க."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பியூலா அதை அப்பாவிடம் சொன்னாள். மோசஸ் தட்டில் கையை வைத்தபடியே கேட்டார். வெளிநாட்டில் முன்பின் தெரியாத யாரோ தங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டார்கள் என்பது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

"அவங்க எத்தினி வூட்டு கணக்கைச் சேத்துக் கூட்டினாங்க?"

"ஆயிரக்கணக்குல, நைனா."

"அதான" என்றார் மோசஸ். "நான் ஒத்த ஆளா வுட்டுக்கினு கீறேன். ஒத்த வூட்டுப் புறா எங்க போவும்? போறதுக்கு ஒரு வூடு வேணுமே."

பியூலாவும் தணிகாசலமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு தணிகாசலம் ஸ்கூட்டரை எடுத்தான். ரிட்டயர் ஆனவன், நேரம் இருந்தது. மூன்று திசைகளிலும் போய், பேட்டைக்காரர்கள் எந்தப் பிளாக்கில் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்தான். பெரும்பாலானவர்கள் தலையை ஆட்டி மறுத்தார்கள். "அதெல்லாம் அந்தக் காலம்ப்பா" என்றார்கள், டீ கொடுத்தார்கள், பழைய ஞாயிறுகளைப் பேசினார்கள், போகும்போது படிக்கட்டு வரைக்கும் வந்தார்கள். சிலர் மட்டும், பெண்டாட்டி திட்டுவாள் என்று சொல்லிக்கொண்டே ஒரு ஜோடி வாங்கினார்கள். முட்டை வைத்தது, குஞ்சு பொரித்தது. பதின்மூன்று சேர ஒவ்வொருவருக்கும் மாதக்கணக்கில் ஆயிற்று. மோசஸ் தினமும் விட்டார், தினமும் சரியாக வந்தது.

பங்குனியில் ஒரு காலை, பியூலா வகுப்பில் இருந்தபோது மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. வீட்டு நம்பர். அப்பா அவளுக்கு ஒருநாளும் கல்லூரிக்குப் போன் செய்ததில்லை. சாக்பீஸைக் கையில் வைத்தபடியே வராந்தாவுக்கு ஓடிப்போய் எடுத்தாள். எதிர்முனையில் மொட்டைமாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்த இரைப்பு கேட்டது.

"நைனா? இன்னா ஆச்சு? உடம்புக்கு என்னா?"

"பியூலா" என்றார் மோசஸ். குரல் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவருடையதைப் போல இருந்தது. "ரெண்டு குறையுதும்மா!"

பேட்டையில் பதின்மூன்றுக்கு மூன்று கூடின வீடு, புது வீட்டுக்குப் புதுக் கணக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு வூட்டுக்குப் போயிருக்கும் நைனா?"

"யாரு வூட்டுக்குப் போனா இன்னா?" என்றார் அவர். "போயிருக்குல்ல."